புயலம்மாவின் வீட்டுக்காரர்

ஒனோரின் சினிமாவில் நடிக்கப் போனதற்குக் காரணம் ஒரு மீன். அப்போது அவள் நீஸ் நகரத்துச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை தொப்பி வைத்த கனவான் ஒருவர் வந்து, ஒரு கானாங்கெளுத்தியைக் கையில் எடுத்தார். செவுளைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் ஆனபிறகு, "இது போன வாரத்து மீனா?" என்று கேட்டார். ஒனோரின் மீனை அவர் கையிலிருந்து பிடுங்கி, அதாலேயே அவர் தொப்பியில் ஒரு போடு போட்டாள். தொப்பி பறந்தது. அதைப் பிடிக்கப் போனவர் நத்தைக் கூடையில் உட்கார்ந்தார். சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரித்தவர்களில் முசியே ஃபுர்காத் என்பவரும் இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு பழைய ரோஜாத் தோட்டத்தை வாடகைக்கு எடுத்து, வாரத்துக்கு ஒன்று என்று ஊமைச் சிரிப்புப் படங்கள் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். கூட்டம் கலைந்ததும் அவளிடம் வந்தார்.

"அந்த வீச்சை இன்னொரு தரம் வீசுவியாம்மா?"

"அந்த ஆளு இன்னொரு தரம் வாயைத் திறந்தா வீசுவேன்."

"அவரு வேணாம். நான் வேற ஆளு தர்றேன். கூலியும் தர்றேன்."

இப்படித்தான் புயலம்மா பிறந்தாள். படங்களில் அவளுக்கு அதுதான் பெயர். கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு வீடு, ஒரு சமையலறை, ஒரு பெண்டாட்டி, ஒரு புருஷன். புருஷன் சேற்றுக் காலோடு உள்ளே வருவான், அல்லது சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறேன் என்று தன்னையே சுவரோடு ஒட்டிக்கொள்வான், அல்லது குளியல் தொட்டியைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போய்க் கீழ்வீட்டுக்காரரின் விருந்தை மிதக்கவிடுவான். பிறகு புயலம்மா வருவாள். துடைப்பம், வாணலி, கோழி, கையில் அகப்பட்டதெல்லாம் பறக்கும். புருஷனாக நடித்தவர் எவரிஸ்த், பாரிஸ் நாடக மேடைகளில் மன்னர்களாக நடித்துப் பிழைப்பில்லாமல் தெற்கே வந்தவர். கொத்தவரங்காய் போன்ற உடம்பு. அடி வாங்குவதில் அவருக்கு ஈடு கிடையாது.

அந்த வீட்டுக்கு மூன்று சுவர்கள்தான். கூரையில்லை, ஏனென்றால் வெயில்தான் விளக்கு. கடல்காற்று அடித்தால் மூடிய அறைக்குள் மேசைவிரிப்பு படபடக்கும், அதை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். ஒனோரினுக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்வது, படம்பிடிக்கிற பெட்டியின் கைப்பிடி சுற்றுகிற கிரிச் கிரிச் சத்தம், படம் முடிந்ததும் எல்லோருமாக வேலியோரம் உட்கார்ந்து தக்காளியும் நெத்திலியும் அடைத்த ரொட்டி தின்பது, எல்லாமே. மீன் நாற்றம் போய்க் கை மணக்கிறதே, அது ஒன்றே போதும் என்பாள்.

ஆனால் அவளுடைய சொந்த வீட்டில் ஒரு தட்டுகூட உடைந்தது கிடையாது.

அவள் புருஷன் செலெஸ்தேன் கூரை வேலைக்காரன். அகலமான தோளும் குறைவான பேச்சும் உள்ள மனிதன். பழைய நகரத்தில், நான்காவது மாடியில், இரண்டு அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அதுவரை அந்த அறைகளில் ஒரு சண்டை நடந்ததில்லை. சந்தையில் தொண்டை கிழியக் கத்துகிறவள் வீட்டுப் படியேறியதும் பூனைபோல் ஆகிவிடுவாள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் நாள் தவறாமல் சண்டை போட்டவர்கள். தன் வீட்டில் அது நுழையக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தாள். செலெஸ்தேனுக்கோ இயல்பே அப்படி. ராத்திரிக்குப் பூசணிச் சூப்பா பீன்ஸ் சூப்பா என்றால், "உன் இஷ்டம்" என்பான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கா, குன்றுக்கா என்றால், "உன் இஷ்டம்" என்பாள் அவள். இப்படியே இரண்டு பேரும் ஒருவர் இஷ்டத்தை ஒருவர் கேட்டுக்கொண்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டிலேயே கழித்திருக்கிறார்கள்.

புயலம்மா புகழ் பெற்றதும் ஊர் செலெஸ்தேனைப் பிடித்துக்கொண்டது. நாவிதர் அவன் தலையைத் தடவிப் பார்த்து, "புடைப்பு ஒண்ணும் காணோமே, இந்த வாரம் லீவா?" என்பார். மருந்துக்கடைக்காரர் காயத்துக்குக் களிம்பை இலவசமாக நீட்டுவார். கூரைமேல் கூட வேலை செய்கிறவர்கள் ஓடுகளைக் கைமாற்றி வீசும்போதெல்லாம், "பார்த்துப் பிடிடா, வீட்டுப் பழக்கம் இருக்குமே!" என்று கூவுவார்கள். செலெஸ்தேன் சிரிப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். ஒன்றும் சொல்லாததுதான் ஒனோரினைக் குடைந்தது. மனசுக்குள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறானோ என்று நினைத்துக்கொள்வாள். கேட்கத்தான் வாய் வராது.

வசந்தத்தில் ஒரு நாள் அவனுடைய அண்ணன் பாஸ்கல் மலையிலிருந்து இறங்கி வந்தார். லந்தோஸ்க் என்ற மலைக்கிராமத்தில் ஆடும் ஆலிவ் தோப்பும் வைத்திருந்தவர். மீசையே ஒரு கிலோ இருக்கும். சந்தைக்கு வந்த இடத்தில் யாரோ கூட்டிப்போய்ப் புயலம்மா படத்தைக் காட்டிவிட்டார்கள். நேராக நான்கு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, என் மனசு ஆறலைடா. நம்ம வீட்டு மருமக, ஊரே பார்க்க, எவனோ ஒருத்தனைப் போட்டு அந்த அடி அடிக்கிறா! நாளைக்கு எம் பொண்ணுங்களைக் கட்டிக்க எவன் வருவான்?"

"அது வேஷம்ண்ணே."

"வேஷமோ என்னமோ. ஊர்ல என் வீட்டு மேல் மாடி சும்மாதானே கிடக்கு. ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க. கோயில் கூரையெல்லாம் ஒழுகுது, உனக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது. என்னம்மா ஒனோரின், என்ன சொல்றே?"

ஒனோரின் சூப்பைக் கிண்டிக்கொண்டே செலெஸ்தேன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம், இவனுக்குப் போகத்தான் ஆசை, கேலிப் பேச்சு தாங்கமுடியவில்லை, என்று அவள் நினைத்தாள்.

"அவரு இஷ்டம் அத்தான்."

செலெஸ்தேன், "அவளுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றான்.

முடிந்தது பேச்சு. செப்டம்பர் கடைசியில், வாடகைக் கெடு முடிகிற மிக்கேல் சம்மனசு திருநாளன்று ஊரே வீடு மாற்றும். அன்றைக்குத் தானே வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, பாஸ்கல் இரண்டு கிண்ணம் சூப் குடித்துக் கிளம்பிப் போனார். அன்றிலிருந்து அந்த இரண்டு அறைகளில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒனோரினுக்குக் கண் கலங்கும். வெள்ளைப் பூச்சு கலைந்துவிடுமே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எவரிஸ்தை வழக்கத்தைவிட ஓங்கி அடிப்பாள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், தட்டுகள் பறக்கும் படம் ஒன்று எடுப்பதாக இருந்தது. ஃபுர்காத் எங்கேயோ மட்டமான தட்டுகளைக் கூடை கூடையாக வாங்கிவந்து அடுக்கியிருந்தார். புருஷன் சாப்பாட்டைக் குறை சொல்லவேண்டும், புயலம்மா அலமாரியைக் காலி செய்யவேண்டும். எல்லாம் தயார். எவரிஸ்தைத்தான் காணோம். முந்தின நாள் அவர் தின்ற சிப்பிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், படுக்கையில் புரண்டுகொண்டு மன்னர் சாவதைப் போல வசனம் பேசுகிறார் என்றும் ஆள் வந்து சொன்னான்.

ஃபுர்காத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "வெயில் போயிடும்! யாராவது ஒரு புருஷனைக் கொண்டாங்கய்யா!"

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு செலெஸ்தேன் வந்தான். ஒனோரின் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுத் துணிமூட்டை அவன் கையில் இருந்தது.

"இவரு யாரு?" என்றார் ஃபுர்காத்.

"என் வீட்டுக்காரர், முசியே."

ஃபுர்காத் அவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நிஜப் புருஷனா? ரொம்ப நல்லது. கோட்டைப் போட்டுக்கய்யா. வெறும் ரெண்டு நிமிஷம். உட்காரணும், சாப்பிடணும், முகத்தைச் சுளிக்கணும். மிச்சத்தை உன் பெண்டாட்டி பார்த்துப்பா."

செலெஸ்தேன் ஒனோரினைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். எவரிஸ்தின் கோட்டு அவன் முதுகில் ஏறும்போதே தையல் விட்டது. முகத்தில் வெள்ளை பூசி, மேசையில் உட்காரவைத்தார்கள். பெட்டி கிரிச் கிரிச் என்று சுற்றத் தொடங்கியது.

செலெஸ்தேன் கரண்டியால் ஒரு வாய் எடுத்து வைத்தான். முகத்தைச் சுளித்தான். அது நன்றாகவே வந்தது, ஏனென்றால் தட்டில் இருந்தது சுவரொட்டிப் பசை. ஒனோரின் இடுப்பில் கைவைத்தாள், அலமாரிக்குப் போனாள், முதல் தட்டை எடுத்து வீசினாள்.

அவன் அதைப் பிடித்தான். பிடித்து, மேசைமேல் வைத்தான்.

இரண்டாவது தட்டையும் பிடித்தான். அதை முதல் தட்டின்மேல் வைத்தான். மூன்றாவது தலைக்கு மேலே போனது. உட்கார்ந்தபடியே ஒரு கையை நீட்டி எடுத்துக்கொண்டான். பதினைந்து வயதிலிருந்து ஏணியின் கீழிருந்து பறந்துவரும் ஓடுகளைப் பிடித்த கை அது. வருவது எதுவானாலும் பிடித்து அடுக்கிவிடும், அவனைக் கேட்காது.

"பிடிக்காதே!" என்று ஃபுர்காத் அலறினார். "உடையட்டும்யா! உடையறதுக்குத்தான் வாங்கினது!"

"மன்னிச்சுக்குங்க, முசியே," என்றபடி செலெஸ்தேன் அடுத்ததையும் பிடித்தான்.

படம் சுற்றுகிறவன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் கையை நிறுத்தவில்லை. வேலியோரம் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஃபுர்காத் அவர்களைப் பார்த்தார், மேசையில் வளர்ந்துகொண்டிருந்த தட்டுக் கோபுரத்தைப் பார்த்தார். அவர் குரலே மாறிவிட்டது.

"சுத்து! நிறுத்தாதே! ஒனோரின், வீசிக்கிட்டே இரு! கோபமா பேசு, வாயை அசை! என்ன வேணா பேசு, எவனுக்குக் கேட்கப்போகுது!"

எவரிஸ்தாக இருந்தால் ஒனோரின் அவருடைய பாரிஸ் பெருமைகளைக் கிண்டல் செய்துகொண்டே நடித்துவிடுவாள். எதிரே இருந்தது செலெஸ்தேன். இந்த மனிதனிடம் கத்திப் பேச அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு தட்டை வீசினாள். அவன் பிடித்தான். அப்படிப் பொறுமையாகப் பிடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பதவிசாக வைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னமோ அறுந்தது.

"நான் லந்தோஸ்குக்கு வரலை!" என்று கத்தினாள்.

"என்னது?"

"வரமாட்டேன்! உங்க அண்ணன் வீட்டு மாடியிலே உட்கார்ந்து ஆட்டுப்பால் கறக்க என்னாலே ஆகாது! எனக்கு இங்கேதான் பிடிச்சிருக்கு! இந்தத் தோட்டம், இந்த வேலை, எல்லாம் பிடிச்சிருக்கு!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டு பறந்தது.

செலெஸ்தேன் பிடித்துக்கொண்டே எழுந்தான். "அப்ப ஏன் அவரு இஷ்டம்னு சொன்னே?"

"நீ ஏன் அவளுக்குச் சரின்னா சரின்னு சொன்னே? ஊரெல்லாம் உன்னைக் கேலி பண்ணுது, நீ வாயைத் திறக்கமாட்டேங்கிறே, நான் என்னன்னு நினைக்கிறது?"

"கேலியா?" செலெஸ்தேனின் வெள்ளை முகம் கோணியது. "கேலி எனக்குப் பிடிக்கும்! என் பெண்டாட்டியை இந்த ஊரே தெரிஞ்சு வெச்சிருக்குன்னு கூரைமேல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கேன்! நீதான் களைச்சுப்போயிட்டே, மலைக்குப் போனா ஓய்வு கிடைக்கும்னு நினைக்கிறதா நான்..."

"நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?"

"நீ எப்ப எதைச் சொன்னே?"

இதற்குள் தட்டுக் கோபுரம் அவன் மார்பளவு வந்திருந்தது. விழாமலிருக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதை அப்படியே தூக்கினான். வேலியோரம் சிரிப்பு நின்றது.

"எனக்கு மலை பிடிக்காது!" என்று செலெஸ்தேன் முழங்கினான். அவனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. "ஆட்டு நாத்தம் பிடிக்காது! குளிர் பிடிக்காது! எங்க அண்ணனையே எனக்குப் பிடிக்காது! கூடவே போட்டுக்க, பூசணிச் சூப்பும் பிடிக்காது!"

சொல்லிவிட்டு, கையிலிருந்த மொத்தத்தையும் தரையில் போட்டான்.

அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கழுதை கத்தியது. துண்டுகள் நாலாபக்கமும் சிதறி, கடைசியாக ஒரு தட்டு மட்டும் உடையாமல் உருண்டு உருண்டு போய் ஃபுர்காத்தின் காலடியில் படுத்தது. ஒனோரின் வாயில் கைவைத்து நின்றாள். செலெஸ்தேனும் தன் இரண்டு கைகளையும் அவை யாருடையவை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூசணிச் சூப்புமா?" என்றாள் அவள்.

"ரொம்ப நாளா."

அவளுக்குச் சிரிப்பு முதலில் மூக்கு வழியாக வந்தது. அவனுக்கும் வந்தது. அவன் சிரித்த சிரிப்பில் எவரிஸ்தின் கோட்டு முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அவள் கிழிசலுக்குள் கையைவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் உடைந்த தட்டுகளின் நடுவே, வெள்ளைப் பூச்சு ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்தில் ஒட்ட, நிற்கமுடியாமல் சிரித்தார்கள். சுருள் தீரும்வரை பெட்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது நான் எழுதின முடிவில்லையே," என்றார் ஃபுர்காத். பிறகு காலடியில் கிடந்த தட்டை எடுத்துத் துடைத்தபடி, "இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார்.

லந்தோஸ்குக்குப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் முடிவாகிவிட்டது. அதை அண்ணனிடம் சொல்வது யார்? வீட்டு முகட்டில் கைகளை வீசி நடக்கிற செலெஸ்தேனுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. இந்த ஞாயிறு போகிறேன், அடுத்த ஞாயிறு போகிறேன் என்று நாளைக் கடத்தினான். கடைசியில் மிக்கேல் சம்மனசு திருநாளும் வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு கோவேறு கழுதை பூட்டிய வண்டியும் வந்தது.

பாஸ்கல் கயிறும் கோணியுமாக மேலேறி வந்து பார்த்தார். ஒரு சாமான்கூட அசையவில்லை. "என்னடா, இன்னும் கட்டலையா?"

செலெஸ்தேன் தொண்டையைச் செருமினான். ஒனோரின் அவனை முந்திக்கொள்ளாமல் நின்றாள். இவர் சொல்லட்டும் என்று நின்றாள்.

"நாங்க வரலைண்ணே. எங்களுக்கு இங்கேதான் பிடிச்சிருக்கு."

"மருமக சொல்லச் சொன்னாளா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம் அத்தான்," என்றாள் ஒனோரின். "சண்டை போட்டு முடிவு பண்ணினோம்."

பாஸ்கல் கோணியின்மேல் உட்கார்ந்து ஒரு மூச்சு கோபப்பட்டார். மாடியைக் கழுவி வைத்ததையும், தன் மனைவி புதுத் திரைச்சீலை தைத்ததையும், கழுதைக்குக் கால் வலிப்பதையும் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார். ஒனோரின் கடலைமாவு அடை சுடச்சுட வாங்கிவந்து மிளகு தூவிக் கொடுத்தாள். ஒயினும் ஊற்றினாள். மூன்றாவது துண்டு தின்னும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி, வந்தது வந்தேன். எதையாவது பார்த்துட்டாவது போறேன். தட்டுப் படம்னு கீழே எல்லாரும் பேசிக்கிறானுங்களே, அதென்ன?"

செலெஸ்தேனும் ஒனோரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க வழியில்லை.

பிற்பகல் காட்சிக்குப் போனார்கள். கூட்டம் நெரிந்தது. இவர்கள் வீட்டின் தரைத்தளத்தில் குடியிருந்த தையற்காரி ஃபிலிப்பீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே அத்தனையும் தெரிந்துகொள்வாள். அவள் பக்கத்தில் அவளைப்போலவே காது கேளாதவர்கள் ஐந்தாறு பேர், கைகளாலேயே சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஒனோரின் செலெஸ்தேனை முழங்கையால் இடித்து, அவர்கள் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

விளக்கு அணைந்தது, பியானோ தொடங்கியது. தட்டுகள் பறந்தன, செலெஸ்தேன் அடுக்கினான், கூடமே அதிர்ந்தது. பாஸ்கல் முதலில் மீசையைக் கடித்துக்கொண்டு அடக்கினார். பத்தாவது தட்டில் அடக்கம் போய்விட்டது. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். திரையில் தம்பி தட்டுக் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து முழங்கினான். முன்வரிசைக்காரர்கள் மற்றவர்களுக்கு முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தம்பி, என்னமா கத்துறே!" பாஸ்கல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அங்கே என்னடா சொல்றே?"

"ஞாபகமில்லைண்ணே. ஏதோ வாயில வந்தது."

முன்வரிசையிலிருந்து ஃபிலிப்பீன் திரும்பினாள். செலெஸ்தேனைப் பார்த்தாள், பக்கத்தில் அதே சாடையில் மீசையோடு இருந்தவரைப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. பிறகு ஒரு விரலைத் தன் உதட்டின்மேல் வைத்து, ஒனோரினுக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பாஸ்கல் அந்தப் படத்தை இன்னொரு காட்சியும் இருந்து பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் காலி வண்டியோடு கிளம்பினார். வண்டியில் ஏறும்போது, "நம்ம தம்பிடா அவன்னு ஊர்ல சொல்லணும்," என்று யாரோ தெருவில் போனவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு செலெஸ்தேன் இன்னும் இரண்டு படங்களில் புருஷனாக நடித்தான். மூன்றாவதற்கு ஃபுர்காத் கூப்பிட்டபோது, கூரைதான் தனக்குத் தோதென்று சொல்லிவிட்டான். எப்போதோ உடம்பு தேறி வந்துவிட்டிருந்த எவரிஸ்த் பழையபடி அடி வாங்கினார். ஃபிலிப்பீன் மட்டும் படிக்கட்டில் ஒனோரினைப் பார்க்கும்போதெல்லாம், புதுப் படத்தில் என்ன பேசினாய் என்று கையை ஆட்டிக் கேட்பாள்.

நவம்பரில் லந்தோஸ்கிலிருந்து ஒரு மூட்டை கஷ்கொட்டை வந்தது. அண்ணன் கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம். ஒனோரின் அடுப்பில் சட்டியை வைத்து வறுத்தாள். செலெஸ்தேன் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "கருகிப்போச்சு" என்றான்.

"அப்ப நீயே வறு."

அவன் எழுந்துவந்து சட்டியை வாங்கிக்கொண்டான். அவள் அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, தீ அதிகமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் தீயைக் குறைக்கவில்லை. இரண்டாவது சட்டியும் கொஞ்சம் கருகத்தான் செய்தது. இரண்டு பேரும் அதை முழுக்கத் தின்று தீர்த்தார்கள்.